காட்டுப்பன்றிக்கு வேட்டை நாய் வாங்குகிறீர்களா? பிடிக்கும் நாயைவிடக் குரைக்கும் நாயே பயிரைக் காக்கும்

கனகம்மாசத்திரம், திருவாலங்காடு, திருத்தணி சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடக்கும் பயிற்சிக் கூட்டங்களில் முன்பெல்லாம் வேர்க்கடலைக்கு எந்த ரகம், கரும்புக்கு எந்தக் கரணை என்றுதான் கேட்பார்கள். இப்போது கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும் நேரத்தில் நாலைந்து இளைஞர்கள் வந்து, "சார், பன்றியைப் பிடிக்க எந்த நாய் நல்லது? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?" என்று கேட்கிறார்கள். சிலர் ஏற்கெனவே தெற்கே போய்க் குட்டி வாங்கி வந்துவிட்டார்கள். இரவெல்லாம் கொல்லையில் படுத்தும் விடிந்து பார்த்தால் பாதிக் கடலையைப் பன்றி புரட்டிப் போட்டிருக்கிறது என்னும் விவசாயிக்கு இந்த யோசனை வருவது இயற்கை. ஆனால் எந்த நாயை, எந்த வேலைக்கு என்று தெளிவாகாமல் வாங்கினால் பணமும் போகும், நாயும் போகும், வழக்கும் வரும்.

முதலில் அரசு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வனத்துறை அமைச்சர் அறிவித்ததையும் அதையொட்டி வந்த அரசாணையையும் பலர் "பன்றியைச் சுடலாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று மட்டும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது பாதி உண்மை. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்வார்கள். விவசாயி சுடவும் கூடாது, கண்ணி வைக்கவும் கூடாது, நாயை ஏவவும் கூடாது. உங்கள் சர்வே எண் எந்தத் தூரத்தில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. நம் பகுதியில் சிறு குன்றுகளும் காப்புக்காட்டுத் துண்டுகளும் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால், ஊர்க்காரர் சொல்லும் தூரமும் வரைபடத்தில் உள்ள தூரமும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ல் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொருள் மிக விரிவானது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, இரை வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைகளில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பன்றியைத் துரத்தப் போன நாய் வழியில் ஓர் உடும்பைக் கவ்வி வந்தால் நிலைமை இன்னும் மோசம். உடும்பு முதல் அட்டவணை விலங்கு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. நாய்க்கு அட்டவணை தெரியாது, நீதிமன்றத்தில் நிற்கப்போவது அதன் சொந்தக்காரர். முயல் வேட்டைக்கு நாயோடு போய், அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் போட்டு, அந்தப் படமே சாட்சியாகி மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் பன்றியின் பின்னால் எல்லை தாண்டிவிட்டால், பதில் சொல்ல வேண்டியது வேறு மாநில வனத்துறைக்கு. நம் அரசாணை அங்கே செல்லாது.

மத்திய அரசு காட்டுப்பன்றியைத் 'தீங்கு விளைவிக்கும் விலங்கு' என்று அறிவித்தால் நிலைமை மாறும். 2015 இறுதியில் பீகாருக்கும் 2016-ல் உத்தராகண்டுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி அறிவித்தார்கள். கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்து வேறு வழி தேடிக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லாதவரை நாயைக் காவலுக்கு மட்டுமே நம்ப முடியும்.

சட்டத்தை விடுங்கள், பிடிக்கும் நாய் பயிரைக் காக்குமா?

என் அனுபவத்தில், காக்காது. இதைச் சொன்னால் நாய்ப் பிரியர்களுக்குக் கோபம் வரும். ஆனால் பன்றியின் நடத்தையைப் பார்த்தால் காரணம் புரியும்.

காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. இருட்டிய பின் வரும். தாய்ப்பன்றிகள் குட்டிகளோடு கூட்டமாக வரும், வளர்ந்த ஆண் பன்றி தனியாக வரும். நம் பகுதியில் பல இடங்களில் அது தினமும் மலையிலிருந்து இறங்கி வருவதாக நினைப்பது தவறு. சாய்ந்து கிடக்கும் கரும்புக்குள்ளேயே படுத்து, அங்கேயே குட்டி போட்டு, பக்கத்துக் கொல்லையில் மேய்கிறது. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு வெட்டு தொடங்கியதும் ஒரு கரும்புத் தோட்டத்திலிருந்து கிளம்பி அடுத்ததற்குப் போகிறது. நடுவில் இருக்கும் வேர்க்கடலையும் பால் பிடித்த நெல்லும் அதன் வழியில் அகப்படுகின்றன.

இந்த இடத்தில் சிப்பிப்பாறையோ கன்னியோ என்ன செய்யும்? இவை கண்ணால் பார்த்து ஓடும் வேட்டை நாய்கள். திறந்த கரிசல் காட்டில் பகல் வெளிச்சத்தில் முயலின் பின்னால் ஓடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால், மெல்லிய தோல், அதிகம் குரைக்காத சுபாவம் எல்லாமே அந்த ஓட்டத்துக்கானவை. இரவில், கரும்புச் சோகைக்குள், ஆளுயர இருட்டில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. உள்ளே நுழைந்தால் சோகை கிழிக்கும். எதிரே வளர்ந்த ஆண் பன்றி நின்றால் கோரைப்பல் வயிற்றைக் கிழிக்கும். ஒரு வருடம் பாலும் முட்டையும் போட்டு வளர்த்த நாயைக் குடல் சரிந்த நிலையில் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்றி மறுநாள் இரவும் வந்தது.

நான்கைந்து நாய்களை ஒன்றாக விட்டால் ஒரு பன்றியை மடக்கலாம் என்பது உண்மைதான். மடக்கியபின் என்ன செய்வது? அடித்தால் வழக்கு. அடிக்காமல் விட்டால் நாய்க்கு ஆபத்து. மிருகங்களைச் சண்டைக்குத் தூண்டுவதே 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் இறந்தன. இந்த நோய் நாயைத் தாக்காது, மனிதரையும் தாக்காது. ஆனால் நாய் இழுத்து வரும் செத்த பன்றியின் இறைச்சித் துண்டு ஊரில் உள்ள வெண்பன்றிப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தால் பண்ணையே காலி.

குரைக்கும் நாயின் கணக்கு வேறு. பன்றி ஆளில்லாத, சத்தமில்லாத கொல்லையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. வரப்பில் இரண்டு இடத்தில் நாய் வாசனையும், பன்றி நெருங்கும் முன்பே குரைப்பும், அதைக் கேட்டு எழும் ஆளின் டார்ச் வெளிச்சமும் சேர்ந்தால் அது ஒதுங்கிப் போகிறது. இதில் நாயின் வேலை உங்களை எழுப்புவது. ஆள் இல்லாமல் நாயை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் தூங்கினால், சில நாட்களில் பன்றி அந்தக் குரைப்புக்கும் பழகிவிடும். நாயைக் கட்டிவைத்தால் காவல் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நாய்?

நாட்டு நாய்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்தின் முதோல் நாயோடு தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. நல்ல செய்திகள்தான். ஆனால் மவுசு கூடும்போது கலப்புக் குட்டிகளும் அதே பெயரில் விலைக்கு வருகின்றன. பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் பார்த்து வாங்குங்கள். தாய் ஆளைக் கண்டு வால் ஒடுக்கி மறைந்தால், அல்லது காரணமின்றிப் பாய்ந்தால், குட்டிகளும் அப்படி வர வாய்ப்பு அதிகம்.

பன்றிக்காவலுக்கு நான் சொல்வது கோம்பை. தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயர் தாங்கிய இனம். செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய், நல்ல எலும்புக்கட்டு. மலையடிவார ஊர்களில் தோட்டக் காவலுக்கும் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்கும் இருந்தது. மோப்பமும் குரைப்பும் உண்டு. பிடிவாதக்கார நாய், முதல் ஆறு மாதம் கையில் வைத்துப் பழக்காவிட்டால் வீட்டுக்கு வருபவர்களைக் கடிக்கும். ராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனது, பெரிய உடம்பு. ஆனால் ஒரே ஆளிடம் ஒட்டும். தகப்பன் சொல் கேட்கும், மகன் சொல் கேட்காது. அதைவிட முக்கியம், வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. காவலுக்கு வாங்கும் நாய்க்குக் காது கேட்காவிட்டால் என்ன பயன்? குட்டி தூங்கும்போதோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது சோதிக்காதீர்கள். மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். தனியாகத் தூக்கி வந்துதான் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் ஊரிலேயே ஆட்டுக்கிடையில் காவல் இருக்கும் நாட்டு நாயின் குட்டி கிடைக்குமா? கிடைத்தால் அதுவே போதும். நம் வெயிலுக்கும் உண்ணிக்கும் பழகியது, ஆட்டைக் கடிக்காத தாய் வயிற்றில் பிறந்தது, காசும் அதிகம் ஆகாது. பெயர் பெற்ற இனம் வைத்திருப்பது கௌரவம் என்று நினைப்பதால் இந்தக் குட்டிகள் ஏரிக்கரையில் அநாதையாகக் கிடக்கின்றன.

விலைக்கு வாங்குவதென்றால் 8 வாரம் ஆகாத குட்டியை வாங்கக் கூடாது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்கின்றன. வளர்த்து விற்பவர் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று மாநில அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையும் சொல்கிறது. பதிவைக் கேளுங்கள். "ஒரு மாதக் குட்டி, எடுத்துப் போய்ப் பால் கொடுத்து வளருங்கள்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பெரிதானால் விளையாட்டுக்குக் கவ்வினாலும் ரத்தம் வரும்.

பழக்குவது எப்படி?

வாங்கிய நாள் முதல் நான்கு மாத வயது வரை ஒரே பாடம்: எதை எதிரியாக நினைக்கக் கூடாது என்பது. ஆடு, மாடு, கோழி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், டிராக்டர், பால்காரரின் வண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் குட்டியை நடத்திக் காட்டுங்கள். இந்த வயதில் பழகாததைப் பின்னால் பழக்குவது பெரும் பாடு. சிலர் வேட்டைக் குணம் வர வேண்டும் என்று குட்டிக்கு உயிர்க்கோழியைக் காட்டியும், எலியைக் கட்டி விட்டும் வெறியேற்றுகிறார்கள். அந்த நாய் முதலில் பிடிக்கப்போவது பக்கத்து வீட்டுக் கோழியை, அடுத்தது ஆட்டுக்குட்டியை. காதை வெட்டினால் வீரம் வரும், மிளகாய் கொடுத்தால் ரோஷம் வரும் என்பதெல்லாம் வெறும் வதை.

மூன்றாவது மாதத்திலிருந்து 'வா' என்ற ஒரு சொல். நாய்ப் பயிற்சியில் இதற்கு மேல் முக்கியமானது எதுவுமில்லை. முப்பது அடி நீளமுள்ள இலேசான கயிற்றைப் பட்டையில் கட்டி, குட்டியைக் கொல்லையில் மேயவிட்டு, பெயரைச் சொல்லி 'வா' என்று ஒரு முறை கூப்பிடுங்கள். வந்தால் ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த முட்டையோ கொடுங்கள். வராவிட்டால் கயிற்றை மெல்ல இழுத்துக் கொண்டுவந்து, அப்போதும் கொடுங்கள். தாமதமாக வந்த நாயை அடிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. உங்களிடம் வந்தால் அடி விழும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா 'வா', பையன் 'கம்', அம்மா தெலுங்கில் 'ரா' என்று கூப்பிட்டால் நாய் குழம்பும். எல்லையோர வீடுகளில் இது சகஜம் என்பதால் சொல்கிறேன்.

ஏழெட்டு மாதத்தில் இரவுச் சுற்று. கயிற்றோடு வரப்பில் நடத்துங்கள். பன்றி வரும் பாதை உங்களுக்குத் தெரியும். சேற்றில் குளம்படி, வரப்பில் உரசிய மண், புரட்டிய இடம் ஆகியவற்றை முகரவிடுங்கள். நாய் உறுமினாலோ குரைத்தாலோ பாராட்டுங்கள். கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே பாய்ந்தால் நில்லுங்கள், 'வா' சொல்லித் திருப்புங்கள். குரைத்தால் கருவாடு, பாய்ந்தால் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் இது பிடிபடும். ஒன்றரை வயதுக்கு முன் ராக்காவலை முழுதாக அதன் தலையில் கட்ட வேண்டாம்.

காவல் இடத்தில் நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டினால் அது பன்றிக்கு இரை. பரணுக்கு அருகில், உயரமாக ஒரு கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டு நீளக் கயிற்றில் கட்டினால் இருபது முப்பது அடி நடமாட முடியும், உங்கள் கால்மாட்டுக்கும் வர முடியும். கழுத்துக்கு அகலமான தோல் பட்டை போடுங்கள். பகலில் நாய்க்குத் தூக்கம் வேண்டும். இரவுக்காவல் நாயைப் பகலில் வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை.

சாப்பாட்டில் வெறும் சோறும் மோரும் போதாது. கேழ்வரகுக் களியோ சோறோ, அதோடு முட்டை, கருவாடு, வேகவைத்த ஈரல் என்று ஏதாவது புரதம் தினமும் வேண்டும். சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும்.

தடுப்பூசி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி, மூன்று நான்கு வாரத்தில் மறு ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். குன்று ஓரம் திரியும் நாய்க்கு நரியோடும் தெருநாயோடும் சண்டை வரும். வெறிநோய் அங்கிருந்துதான் வீட்டுக்குள் வரும். நாய் யாரையாவது கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. மந்திரிப்பதும் மிளகாய்த்தூள் வைப்பதும் உயிரைக் குடிக்கும்.

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. குறுக்கே ஓடும் நாயால் இருசக்கர வாகனத்தில் வருபவர் விழுந்தால் பாதிக்கப்படுவது ஒரு குடும்பம். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விட்டு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி இருக்கிறது.

நாயோடு சேர்ந்து செய்ய வேண்டியவை

நாய் இருக்கிறது என்று மின்கம்பி போட்டவர்கள் அதை எடுத்தார்களா என்றால் பல இடங்களில் இல்லை. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்கள் சாவதும் தொடர்கிறது. வேலி வேண்டுமானால் 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து, விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த ஆற்றல் கருவியோடுதான் போட வேண்டும். அவுட்டுக்காய் வைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: அதை முதலில் கடிப்பது பெரும்பாலும் உங்கள் மாடோ நாயோதான்.

கடலைக் கொல்லையைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கி விதைப்பது ஓரளவு பலன் தருகிறது. அதன் வாடைக்கும் கசப்புக்கும் பன்றி ஒதுங்கும். அதைவிட, கரும்பு விவசாயிகள் சோகை உரித்து விட்டம் கட்டிச் சாயாமல் வைத்தால் பன்றிக்குப் படுக்க இடம் இருக்காது. இதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்துக் கரும்பு சாய்ந்து கிடக்கும்வரை உங்கள் கொல்லையில் எத்தனை நாய் குரைத்தாலும் பன்றி ஐம்பது அடி தள்ளிப் படுத்து விடியும்வரை காத்திருக்கும். சேதம் நடந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். இழப்பீட்டுக்கும் சரி, தொந்தரவு தரும் பன்றியின் மீது வனத்துறை நடவடிக்கை எடுப்பதற்கும் சரி, மனு இல்லாமல் எதுவும் நகராது.

இப்போது வாங்கும் குட்டி இந்த மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு உதவாது. விதைத்த பத்து நாளும், காய் பிடித்தபின் அறுவடை வரையும்தான் கடலைக்கு ஆபத்தான காலம். இந்த முறை அந்த நாட்களுக்கு நான்கைந்து பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து முறை வைத்து ராக்காவல் இருங்கள். ஊரில் ஏற்கெனவே நன்றாகக் குரைக்கும் நாய் யாரிடமாவது இருந்தால், அவரையும் நாயையும் சேர்த்து அழைத்துக்கொள்ளுங்கள். குட்டியையும் கயிற்றோடு கூடவே அழைத்துப் போகலாம்; பெரிய நாய் எப்போது குரைக்கிறது என்பதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும்.